அலமாரியும் காட்டுப்பாதையும்: தாவர உணவுச் சமையலறையை நிரப்பி, குடும்பத்தோடு வெளியே கிளம்ப ஒரு வழிகாட்டி

இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இல்லாத தாவர உணவுக்கு மாறுவது என்று முடிவெடுத்ததும் பலர் ஒரே நாளில் இருபது புதுப் பொருள்களை வாங்கி அலமாரியை நிரப்பிவிடுகிறார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் ஆளி விதைப் பொடியில் சிக்கு வாடை அடிக்கிறது, கொண்டைக்கடலையில் வண்டு ஓட்டை போட்டிருக்கிறது, எதற்கு வாங்கினோம் என்றே மறந்துபோன ஒரு மாவுப் பொட்டலம் பிரிக்காமல் கிடக்கிறது. வாங்கிய பொருள் வாரம் தவறாமல் செலவாக ஒரு வழி வேண்டும். குடும்பத்தோடு வாரம் ஒரு முறை மரமும் தண்ணீரும் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவருவது அப்படி ஒரு வழி. கையில் எடுத்துப் போகத் தோதான பயறு, கொட்டை, தானியம், பழம் ஆகியவைதான் தாவர உணவுச் சமையலறைக்கும் அடிப்படை. அதனால் இரண்டையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

முதல் இரண்டு வாரத்துக்கு மட்டும் வாங்குங்கள்

கடைக்குப் போகும் முன் உங்கள் வீட்டில் எல்லோரும் விரும்பிச் சாப்பிடும் பத்து உணவுகளை ஒரு தாளில் எழுதுங்கள். எவை ஏற்கெனவே தாவர உணவு, எவற்றில் ஒரே ஒரு பொருளை மாற்றினால் போதும் என்று குறித்துக்கொள்ளுங்கள். எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே தேறும். அந்தப் பத்துக்கு வேண்டியவைதான் முதல் பட்டியல். இதுவரை வாயில் வைத்தே பார்க்காத பொருள் வாரத்துக்கு ஒன்று போதும்.

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு வாரத்துக்கு ஏறக்குறைய இந்த அளவு சரியாக இருக்கும்: கொண்டைக்கடலை 1 கிலோ, தோல் நீக்கிய மசூர் பருப்பு 1 கிலோ, ராஜ்மா அரை கிலோ, பச்சைப்பயறு அரை கிலோ. கணக்குப் போட்டால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 கிராமுக்குச் சற்று மேலே வரும். வெந்தால் அது ஒரு கிண்ணம் நிறையும். இதோடு வறுத்த வேர்க்கடலை முக்கால் கிலோ, பாதாமும் வால்நட்டும் தலா கால் கிலோ, எள் கால் கிலோ, ஆளி விதை கால் கிலோ, ஓட்ஸ் 1 கிலோ, பேரீச்சை அரை கிலோ. அரிசி, கோதுமை, எண்ணெய், மசாலா எல்லாம் வழக்கமாக வாங்கும் அளவே. உப்பு மட்டும் அயோடின் சேர்த்ததா என்று பாருங்கள். காரணம் பின்னால் வரும்.

இறைச்சி போலவே சுவைக்கும் தயாரிப்புகள், தாவரப் பாலாடைக்கட்டி போன்றவற்றை முதல் மாதத்தில் தவிர்ப்பது நல்லது என்பது எங்கள் கருத்து. தப்பான பொருள்கள் என்று சொல்லவில்லை. விலை கூடுதல், உப்பும் கூடுதல். அதைவிட முக்கியமாக, பழைய சுவையோடு ஒப்பிட்டு ஒப்பிட்டு வீட்டில் உள்ளவர்கள் ஏமாந்துபோவார்கள். நன்றாக வெந்த கொண்டைக்கடலையை எதனோடும் ஒப்பிட வேண்டியதில்லை.

பயறு வேகவைப்பதில் கை பழக வேண்டும்

புதிதாக வருபவர்கள் சலித்துக் கைவிடும் இடம் இது. மெத்தென்று வேகாத பயறு வாய்க்கும் பிடிக்காது, வயிற்றுக்கும் ஒத்துக்கொள்ளாது.

கொண்டைக்கடலை, ராஜ்மா போன்ற பெரிய பயறுகளை 8 முதல் 12 மணி நேரம் ஊறவையுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு தேக்கரண்டி உப்பு கலந்து ஊறவைத்தால் தோல் வெடிக்காமல் மெல்லியதாக வேகும். தோலில் இருக்கும் கால்சியத்தின் இடத்தை உப்பிலுள்ள சோடியம் பிடித்துக்கொள்வதால் தோல் இளகுகிறது. உப்புப் போட்டால் வேகாது என்று பலர் நம்புவது சரியில்லை. வேகவிடாமல் தடுப்பது புளிப்பு. தக்காளி, எலுமிச்சை, வினிகர் எதுவானாலும் பயறு முழுதாக வெந்த பிறகே சேர்க்க வேண்டும். வெயில் காலத்தில் வெளியே வைத்தால் ஊறல் தண்ணீர் நுரைத்துப் புளித்துவிடும், ஃபிரிட்ஜுக்குள் ஊறட்டும்.

ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். வாயுத் தொல்லைக்குக் காரணமான சர்க்கரைகளில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும். குக்கரில் ஊறிய கொண்டைக்கடலைக்கு முழு அழுத்தம் வந்த பிறகு 12 முதல் 15 நிமிடம். குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது, பயறு நுரைத்து ஆவித் துளையை அடைத்துவிடும். அடுப்பை அணைத்ததும் விசிலைத் தூக்கி ஆவியை விடாமல் தானாக அடங்க விடுங்கள். சட்டென்று அழுத்தம் குறைந்தால் பயறு வெடித்துத் தோல் தனியே மிதக்கும்.

வெந்ததா என்று பார்க்க ஒரு கடலையை எடுத்துக் கட்டை விரலால் பிளந்து பாருங்கள். நடுவில் வெளிறிய, மாவு போன்ற ஒரு புள்ளி தெரிந்தால் இன்னும் ஐந்து நிமிடம் வேண்டும். உள்ளே முழுவதும் ஒரே நிறமாக இருந்து, நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் பல் படாமலே மசிய வேண்டும். ஒன்றை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நாலைந்தைப் பாருங்கள், ஒரே பையில் பழையதும் புதியதும் கலந்திருக்கும்.

எவ்வளவு வேகவைத்தும் கல்லாகவே இருக்கிறதா? இரண்டு காரணம் இருக்கலாம். பயறு ஆண்டுக்கணக்கில் பழையதாக இருக்கும், அல்லது தண்ணீர் கடினத் தண்ணீராக இருக்கும். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் பயறின் செல்களைப் பிணைத்திருக்கும் பெக்டினை இறுக்கிவிடுகின்றன. ஒரு கிண்ணம் பயறுக்குக் கால் தேக்கரண்டி சமையல் சோடா போட்டால் இளகும். அதற்கு மேல் போட்டால் சோப்பு போலச் சுவைக்கும்.

ராஜ்மாவில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். பச்சை ராஜ்மாவில் ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்ற நச்சுப் புரதம் இருக்கிறது. சரியாக வேகாத நாலைந்து விதை வயிற்றுக்குள் போனாலே சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்கும் நிலையில் 30 நிமிடம் வைத்தால் அது அழிந்துவிடும். குக்கரிலும் கவலையில்லை. மெதுவாகச் சூடேற்றும் மின்சாரப் பாத்திரத்தில் பச்சையாக அப்படியே போடுவதுதான் ஆபத்து. அந்த மிதமான சூட்டில் நச்சு அழிவதில்லை, கூடவும் செய்யலாம்.

மசூர் பருப்புக்கு ஊறலே தேவையில்லை. திறந்த பாத்திரத்தில் 15, 20 நிமிடத்தில் குழைந்துவிடும். அலுவலகம் விட்டு வந்து சமைப்பவர்களுக்கு இதைவிட நல்ல நண்பன் கிடையாது.

ஒரு கிண்ணம் உலர்ந்த கடலை வெந்தால் இரண்டரை முதல் மூன்று கிண்ணம் ஆகும். வாரத்துக்கு ஒரு நாள் அரை கிலோ வேகவைத்து, வெந்த தண்ணீரிலேயே ஆறவிட்டு, ஒன்றரைக் கிண்ணம் வீதம் பைகளில் போட்டுத் தட்டையாக ஃபிரீசரில் அடுக்குங்கள். உருண்டையாக உறையவிட்டால் இளக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தட்டையான பையை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டால் சீக்கிரம் பிரிந்துவிடும். ஃபிரிட்ஜில் மட்டும் வைப்பதானால் மூன்று நாள், மிஞ்சினால் நான்கு நாள்.

எது எங்கே, எத்தனை நாள்

கொட்டைகளையும் விதைகளையும் கெடுப்பவை காற்றும் வெளிச்சமும் சூடும். அவற்றிலுள்ள எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்ந்து காறிப்போகிறது. பெயிண்ட் டப்பாவைத் திறந்தது போன்ற வாடை வந்தால் தூக்கிப் போடுங்கள், வறுத்தால் சரியாகாது. வால்நட் முதலில் கெடும், பாதாம் அதைவிடத் தாங்கும். இரண்டு வாரத்தில் தீராத கொட்டை எதுவானாலும் ஃபிரிட்ஜுக்குப் போகட்டும். அங்கே ஆறு மாதம் வரை நிற்கும்.

ஆளி விதையை முழுதாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும். பொடித்தால்தான் பலன். ஆனால் பொடித்ததும் காற்றுபடும் பரப்பு பல மடங்கு கூடி விரைவில் காறிப்போகும். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் பொடித்து ஃபிரிட்ஜில் வையுங்கள். தவிட்டோடு அரைத்த மாவும் இதே கதைதான். முளைப்பகுதியின் எண்ணெய் அதில் இருப்பதால் வெளியே ஒன்றிரண்டு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

வண்டு வெளியிலிருந்து வந்து விழுவது குறைவு. முட்டை பெரும்பாலும் பொட்டலத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. வாங்கி வந்த பயறையும் தானியத்தையும் மைனஸ் 18 டிகிரி ஃபிரீசரில் நான்கு நாள் வைத்தால் முட்டையும் புழுவும் செத்துவிடும். எடுத்தவுடன் பையைத் திறக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும். இல்லாவிட்டால் குளிர்ந்த பயறின்மேல் ஈரம் படிந்து பூஞ்சணம் பிடிக்கும். பிறகு இறுக மூடும் கண்ணாடி ஜாடியில் கொட்டி, வாங்கிய தேதியை ஒரு துண்டு ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டுங்கள். பழைய ஜாடி காலியாகாமல் புதியதை அதன்மேல் கொட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அடியில் இருப்பது கடைசிவரை அடியிலேயே கிடக்கும்.

சோயா பாலைத் திரித்துக் கட்டியாக்கிய டோஃபு வாங்கினால் பாக்கெட்டில் கால்சியம் சல்பேட் சேர்த்தது என்று இருக்கிறதா பாருங்கள். கால்சியம் கிடைக்கும் நல்ல வழி அது. சமைக்கும் முன் துணியில் சுற்றி மேலே கனமான ஒன்றை 15, 20 நிமிடம் வைத்தால் தண்ணீர் வடியும். வடியாத டோஃபு எண்ணெயில் வெடிக்கும், மசாலாவும் ஏறாது. பிரித்த பின் மிச்சத்தைத் தண்ணீரில் மூழ்க வைத்து, தினம் தண்ணீர் மாற்றினால் மூன்று நான்கு நாள் தாங்கும்.

கேக், ரொட்டி செய்யும்போது ஒரு முட்டைக்குப் பதில் ஒரு மேசைக்கரண்டி ஆளி விதைப் பொடியும் மூன்று மேசைக்கரண்டி தண்ணீரும் கலந்து பத்து நிமிடம் விடுங்கள். பிசின் போலாகிவிடும். மாவைப் பிடித்து நிறுத்தும் வேலையை நன்றாகச் செய்யும். முட்டை வெள்ளைக்கரு போல உப்பவைக்காது.

சத்தில் சமரசம் செய்யக் கூடாதவை

பி12 வைட்டமினை முதலில் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்குத் தேவை 2.4 மைக்ரோகிராம்தான். ஆனால் நம்பத்தக்க தாவர மூலம் எதுவும் கிடையாது. ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசிப் பொடியில் இருப்பதாகச் சொல்லப்படுவது பெரும்பாலும் நம் உடல் பயன்படுத்த முடியாத போலி வடிவம். கல்லீரலில் பல ஆண்டுக்கான சேமிப்பு இருப்பதால் குறைபாடு உடனே தெரியாது. கை கால் மரத்துப்போவது, மறதி, நடையில் தடுமாற்றம் என்று மெதுவாக வரும். பயறிலும் கீரையிலும் நிறைய இருக்கும் ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமின், இரத்தசோகை என்ற முதல் எச்சரிக்கையையும் மறைத்துவிடக்கூடும். அதற்குள் நரம்பு பாதிக்கப்படலாம். எனவே முழுத் தாவர உணவுக்கு மாறும் நாளிலிருந்தே பி12 மாத்திரையோ, பி12 சேர்த்த உணவோ வேண்டும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், குழந்தைகள் விஷயத்தில் அளவை மருத்துவர் சொல்லட்டும்.

இரும்புச்சத்து பயறிலும் கீரையிலும் தாராளமாக உண்டு, உறிஞ்சப்படுவதுதான் குறைவு. அதே வேளையில் வைட்டமின் சி சேர்ந்தால் அது கணிசமாகக் கூடும். பருப்பில் பிழிந்த எலுமிச்சை, பயறோடு பச்சைக் குடைமிளகாய், சாப்பாட்டுக்குப் பின் ஆரஞ்சு எல்லாம் வேலை செய்யும். தேநீரும் காபியும் இதற்கு நேர் எதிர். சாப்பாட்டுக்கும் அவற்றுக்கும் ஒரு மணி நேர இடைவெளி விடுங்கள்.

கால்சியத்துக்குப் பாலக் கீரையை நம்பாதீர்கள். அதிலுள்ள ஆக்சலேட் பிடித்துக்கொள்வதால் இருபதில் ஒரு பங்கு அளவே உடலில் சேரும். டோஃபுவும் கால்சியம் சேர்த்த சோயா பாலும் மேல். சோயா பாலை ஊற்றும் முன் நன்றாகக் குலுக்குங்கள். சேர்த்த கால்சியம் அடியில் படிந்து கடைசி டம்ளரில்தான் வரும். அயோடின் பெரியவர்களுக்கு நாளுக்கு 150 மைக்ரோகிராம் வேண்டும். பால், மீன், முட்டையை நிறுத்தியவர்களுக்கு அயோடின் உப்புதான் எளிய வழி; அழகான பெயர் கொண்ட கல் உப்புகளில் பெரும்பாலும் அது இருப்பதில்லை.

குழந்தைகளுக்கு ஒரு வார்த்தை. சின்ன வயிறு நார்ச்சத்தால் சீக்கிரம் நிறைந்துவிடும், ஆனால் வேண்டிய சக்தி சேர்ந்திருக்காது. அதனால் வேர்க்கடலை விழுது, எள் விழுது, வெண்ணெய்ப்பழம், எண்ணெய் விட்ட பருப்பு போன்ற அடர்த்தியான உணவு ஒவ்வொரு வேளையிலும் இருக்கட்டும். பாலுக்குப் பதில் என்றால் சத்து சேர்த்த சோயா பால் பொருத்தம். அரிசிப் பாலிலும் பாதாம் பாலிலும் புரதம் மிகக் குறைவு.

பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிக்கப் பழகுங்கள். கேசினேட், வே பவுடர் என்றால் பால். ஜெலட்டின் என்றால் எலும்பும் தோலும். உணவில் சேர்க்கும் பொருள்களுக்கான எண்களில் இ120 பூச்சியிலிருந்து எடுத்த சிவப்பு நிறம், இ904 பூச்சி சுரக்கும் அரக்கு. பால் இல்லாத கிரீமர் என்று முன்பக்கம் எழுதிய டப்பாவிலேயே சோடியம் கேசினேட் இருப்பதுண்டு.

எங்கே போவது, எவ்வளவு தூரம் நடப்பது

2019-இல் இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரிடம் திரட்டிய தகவல்களை வைத்து வெளியான ஓர் ஆய்வு, வாரத்தில் மொத்தம் 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் கழித்தவர்கள் தங்கள் உடல்நலமும் மனநிறைவும் நன்றாக இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு கூடுதல் என்று கண்டது. ஒரே நாளில் கழித்தாலும் பிரித்துக் கழித்தாலும் வேறுபாடு தெரியவில்லை. இரண்டு மணி நேரம் என்பது எந்தக் குடும்பத்துக்கும் எட்டக்கூடியது. அதனால் முதல் உலாவுக்கு மலையுச்சியைத் தேடாதீர்கள். வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஏரிக்கரை, ஆற்றங்கரை, தோப்பு, பூங்கா போதும்.

நடைக்கு எவ்வளவு நேரமாகும் என்று கணக்கிட, ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன விதி இன்றும் உதவுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். இது திடமான பெரியவர்களுக்கான கணக்கு. சின்னக் குழந்தைகள் உடன் வந்தால் இரண்டால் பெருக்குங்கள், சாப்பிடும் நேரத்தைத் தனியாகக் கூட்டுங்கள். நான்கைந்து வயதுப் பிள்ளைக்கு முதல் தடவை 2 கிலோமீட்டரே நிறைவான நடை.

சுற்றிவரும் பாதையைவிட, போன வழியே திரும்பும் பாதை தொடக்கத்தில் நல்லது. யாருக்காவது முடியவில்லையென்றால் எந்த இடத்திலும் திரும்பிவிடலாம். சுற்றுப்பாதையில் பாதி தாண்டிவிட்டால் முன்னேயும் அதே தூரம், பின்னேயும் அதே தூரம். திரும்பும் நேரத்தைக் கிளம்பும் முன்பே முடிவு செய்யுங்கள். பிள்ளைகள் உற்சாகமாக இருக்கும்போதே திரும்ப வேண்டும். அழுகை வந்தபின் திரும்பினால் மீதி வழி தோளில்தான்.

பொழுது சாய எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பார்க்கக் கையே போதும். கையை முழுதாக நீட்டி, உள்ளங்கை முகத்தைப் பார்க்க விரல்களைக் கிடையாக மடக்கி, சூரியனின் கீழ்விளிம்புக்கும் அடிவானத்துக்கும் இடையே எத்தனை விரல் பிடிக்கிறது என்று எண்ணுங்கள். ஒரு விரலுக்குச் சுமார் 15 நிமிடம். மரக்கூட்டத்துக்குள் இருட்டு அதைவிட முன்னதாக வந்துவிடும். சூரியனை நேராக உற்றுப் பார்க்க வேண்டாம், கையால் மறைத்தபடியே அளவெடுங்கள்.

உணவுப் பை: முதல் நாள் மாலையிலேயே

காலையில் எழுந்து சமைத்துக் கட்டிக் கிளம்பினால் வெயில் ஏறிவிடும், எல்லோருக்கும் எரிச்சலும் வந்துவிடும். முதல் நாள் மாலை அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

1. ஃபிரீசரிலிருந்து கடலைப் பை ஒன்றை எடுத்து இளக்கிச் சூடாக்குங்கள். சூடான கடலைதான் வெண்ணெய் போல மசியும். ஒன்றரைக் கிண்ணம் கடலைக்கு எள் விழுது 3 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 2 மேசைக்கரண்டி, பூண்டு 1 பல், உப்பு அரைத் தேக்கரண்டி, கடலை வெந்த தண்ணீர் 3 மேசைக்கரண்டி. அரைத்து, ஆறவைத்து, மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். எட்டு ரொட்டித் துண்டுகளுக்குத் தாராளமாகப் பூசலாம்.

2. பேரீச்சை 200 கிராம், வறுத்த வேர்க்கடலை 150 கிராம், ஓட்ஸ் 50 கிராம், எள் 2 மேசைக்கரண்டி சேர்த்து அரைத்து எலுமிச்சை அளவில் சற்றுச் சிறிய உருண்டைகள் பிடியுங்கள். வெளியே வைத்தாலும் கெடாது. நடுவழியில் சோர்ந்த பிள்ளைக்கு ஓர் உருண்டையும் நாலு மடக்கு தண்ணீரும் கொடுத்துப் பத்து நிமிடம் உட்கார வைத்தால் முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

3. இரண்டு தண்ணீர் பாட்டில்களை முக்கால் அளவு நிரப்பி ஃபிரீசரில் வையுங்கள். நிறைய ஊற்றினால் உறையும்போது விரிந்து பாட்டில் வெடிக்கும். மறுநாள் இவையே ஐஸ், உருகியபின் இவையே குடிநீர். ஐஸ் துண்டுகளைவிடப் பெரிய கட்டி மெதுவாக உருகும்.

காலையில் மிச்சம் இருப்பது அடுக்கும் வேலைதான். ரொட்டி நைந்துபோவது தக்காளியாலும் வெள்ளரியாலும். இரண்டு துண்டிலும் கடலை விழுதைக் கெட்டியாகப் பூசி, காயைத் தனி டப்பாவில் எடுத்துப் போய் அங்கே வைத்துச் சாப்பிடுங்கள். நறுக்கிய ஆப்பிளை ஒரு கிண்ணம் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்புக் கரைத்து ஐந்து நிமிடம் போட்டு, வடித்து, நல்ல தண்ணீரில் அலசினால் கறுக்காது.

ஈரமான, வெந்த உணவு 5 டிகிரிக்குக் கீழே அல்லது 60 டிகிரிக்கு மேலே இருக்க வேண்டும். இடைப்பட்ட சூட்டில் கிருமி பெருகும். வெளியே இரண்டு மணி நேரம்தான் கணக்கு. 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரம். சோறு கொண்டுபோக நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் பிழைத்து, ஆறிய சோற்றில் முளைத்து நச்சை உண்டாக்கும். அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. பாத்திரத்தில் குவியலாக விடாமல் தட்டில் பரப்பி ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃபிரிட்ஜுக்கு மாற்றி, ஐஸ் பெட்டியில் கொண்டுபோங்கள். சூடாக வேண்டுமென்றால் பிளாஸ்கில் முதலில் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடிவைத்துக் கொட்டுங்கள். பிறகு ஆவி பறக்கும் உணவைக் கழுத்துவரை நிரப்புங்கள். பாதி நிரப்பிய பிளாஸ்க் சீக்கிரம் ஆறும்.

ஐஸ் பெட்டியில் உறைந்த பாட்டில்களை மேலே வையுங்கள், குளிர்க்காற்று கீழ்நோக்கி இறங்கும். பிள்ளைகள் அடிக்கடி திறப்பது தண்ணீருக்காகத்தான். குடிக்கும் தண்ணீரை வேறு பையில் வைத்தால் பெட்டி மதியம்வரை குளிர்ச்சியாக நிற்கும்.

நான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு முழுக் கொட்டை, சோளப்பொரி, முழுத் திராட்சை கொடுக்காதீர்கள். மூச்சுக்குழாயை அடைக்கும். திராட்சையை நீளவாக்கில் நான்காகக் கீறுங்கள். ஓடும்போது எதையும் வாயில் போட விடாதீர்கள். வேறு குடும்பத்தோடு சேர்ந்து போவதானால் வேர்க்கடலை, எள் ஒவ்வாமை யாருக்காவது உண்டா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

தண்ணீர் பெரியவர்களுக்கு நடக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அரை லிட்டர், கடும் வெயிலில் ஒரு லிட்டர் வரை. குழந்தைகள் விளையாட்டில் தாகத்தை மறந்துவிடுவார்கள். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை நீங்களே நிறுத்திச் சில மடக்கு குடிக்கவையுங்கள்.

அங்கே போனபின்

பெரியவர்களுக்குப் போய்ச் சேரும் இடம் முக்கியம், பிள்ளைகளுக்கு வழியில் கிடக்கும் கல் முக்கியம். அதை ஏற்றுக்கொண்டால் உலா இனிக்கும். ஒரு பூதக்கண்ணாடி எடுத்துப் போங்கள். பட்டுப்போன மரப்பட்டையின் ஓரத்தில் பத்து நிமிடம் குனிந்திருந்தால் எறும்பு தன்னைவிடப் பெரிய இறகை இழுத்துப் போவதும், பாசியின் நுனியில் நீர்த்துளி நிற்பதும் தெரியும். பெயர் சொல்லிக்கொடுக்க வேண்டிய அவசியமில்லை. "எத்தனை விதமான பச்சை இருக்கிறது, எண்ணு" என்று கேட்டால் போதும். காட்டுப் பழம், காளான், இலை எதையும் தெரியாமல் வாயில் வைக்கக் கூடாது என்பதை மட்டும் ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள்.

நடக்கும்போது முன்னால் ஒரு பெரியவர், கடைசியில் ஒரு பெரியவர். மெதுவாக நடக்கும் பிள்ளை முன்னவருக்கு அடுத்து நடந்தால் யாரும் பின்தங்க மாட்டார்கள். ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும் ஒரு விசில் இருக்கட்டும். வழி தவறினால் இருந்த இடத்திலேயே ஒரு மரத்தடியில் நின்று மூன்று முறை ஊத வேண்டும், தேடி அலையக் கூடாது என்று வீட்டிலேயே ஒத்திகை பாருங்கள். தண்ணீர் அருகில் சின்னப் பிள்ளைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஓடையின் நிறம் திடீரென்று கலங்கினாலோ, குச்சியும் சருகும் அடித்து வந்தாலோ, மேலே எங்கோ மழை. உடனே கரையேறுங்கள்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே நொடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் எத்தனை கிலோமீட்டர் என்று தெரியும். 30 நொடிக்குள் கேட்டால் உள்ளே போய்விட வேண்டும்: கட்டடம், அல்லது கண்ணாடி ஏற்றிய கார். தனி மரத்தடி ஆகவே ஆகாது. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள்.

புல்வெளியில் நடந்திருந்தால் வீடு வந்ததும் உண்ணி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். காதுக்குப் பின்னால், அக்குள், இடுப்புப் பட்டி, முழங்காலின் பின்பக்கம், தலைமுடிக்குள். இருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக மெல்ல இழுங்கள். எண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சியால் சுடுவது எல்லாம் வேண்டாம். அது கடித்த இடத்திலேயே உமிழும். அடுத்த சில வாரத்தில் காய்ச்சலோ பரவும் தடிப்போ வந்தால் மருத்துவரிடம் உண்ணிக்கடியைச் சொல்லுங்கள்.

பழத்தோல் மக்கிவிடும் என்று வீசிவிட்டு வருபவர்கள் உண்டு. ஆரஞ்சுத் தோலும் வாழைத் தோலும் திறந்தவெளியில் மாதக்கணக்கில் கிடக்கும். அதைத் தின்னப் பழகும் விலங்கு மனிதர்களைத் தேடி வரத் தொடங்கும். கொண்டுபோன எல்லாம், தோல் உட்பட, ஒரு மூடிய டப்பாவில் திரும்பி வரட்டும். அவசரத்துக்கு ஒதுங்க வேண்டியிருந்தால் ஓடை, குளம், பாதை எல்லாவற்றிலிருந்தும் 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம் தோண்டி மூடுங்கள். அதற்கு ஒரு சின்ன மண்வெட்டிக் கரண்டி பையில் இருக்க வேண்டும்.

வீடு திரும்பியதும் பையைக் காலி செய்யுங்கள். மறுநாள் என்று விட்டால் டப்பாவில் பூஞ்சணம் பூக்கும். பிளாஸ்கைக் கழுவி, மூடாமல் கவிழ்த்துக் காயவையுங்கள். எந்த உணவு தீர்ந்தது, எது தொடாமல் திரும்பியது என்று அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிய தாளில் எழுதிவிட்டு, அடுத்த வாரத்துக்கான கடலையை ஊறப்போடுங்கள்.